மண்ணுக்குக் கீழே இருப்பது எவருக்குச் சொந்தம்?



திருக்குர்ஆனின் தாஹா அத்தியாயத்தில் ஆறாவது வசனம், இறைவனின் உடைமைகளைச் சொல்லிக்கொண்டே வருகின்றது. வானங்கள், பூமி, இரண்டுக்கும் இடைப்பட்டவை என்று கூறியதோடு அது நின்றுவிடவில்லை. ஈர மண்ணுக்கு அடியில் மறைந்து கிடப்பவையும் அவனுக்கே உரியவை என்று தனியாக எடுத்துரைக்கின்றது. கண்ணுக்குத் தெரியாததை மனிதன் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவான். அல்லது தன்னுடையது என்று சொல்லி முந்திக்கொள்வான். அதனால்தானோ என்னவோ, அல்லாஹ் அதைப் பிரித்துக் கூறுகின்றான்.

மரக்காணம் கரையோரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பின் வயது முதிர்ந்த சகோதரர் ஒருவர் என்னிடம் வந்து அமர்ந்தார். தந்தை விட்டுச் சென்ற நிலம் அவரிடம் இருந்தது. விளைச்சல் இல்லை. ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து, சவுட்டு மண் எடுத்துக்கொள்கிறேன், லாரிக் கணக்குக்குப் பணம் தருகிறேன் என்றாராம். "ஹஸ்ரத், மேல் மண்ணில் நெல் விளைந்தால் எனக்குரியது. கீழ் மண்ணை விற்றால் அதுவும் எனக்குரியதுதானே?" என்று கேட்டார். சிறிய கேள்விதான். ஆனால், நாட்டின் உச்ச நீதிமன்றம் முதல் நம் இமாம்களின் ஃபிக்ஹ் நூல்கள் வரை இந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கின்றது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் கண்ணெதிரே இருக்கும் உப்பளத்திலிருந்து தொடங்குவோம். விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. நிலம் ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் உரியது. குத்தகை எடுத்தவர் உப்பை விளைவிக்கின்றார். பாத்தியில் இறங்கி வேலை செய்பவருக்கு நிலமும் இல்லை, குத்தகையும் இல்லை. அவருக்குள்ளது கூலி மட்டுமே. கடல் நீரோ எவருக்கும் சொந்தமில்லை. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அந்த நீர் கழிமுகத்திலே கிடக்கும்வரை அதற்கு விலை இல்லை.

விலை எப்போது பிறக்கின்றது? ஆண்டுத் தொடக்கத்தில் மழைச் சேற்றை அகற்றி, வரப்புகளைக் கட்டி, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகின்றனர். மூன்று டிகிரி அளவில் இருக்கும் கடல் நீர் பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் சுண்டி, 25 டிகிரியை எட்டும்போது உப்புப் பூக்கின்றது. 30 டிகிரியை நெருங்குவதற்குள் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். தவறினால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கெட்டுவிடும். பின்னர் பலகையால் வாரி, அம்பாரமாகக் குவித்து, கீற்று வேய்ந்து காக்கின்றனர். இடையில் ஒரு பெருமழை பெய்தால் அத்தனையும் கரைந்து மீண்டும் கடல் நீராகிவிடும். ஆக, இங்கே பொருள் இறைவனுடைய கொடை. அதன் மதிப்போ மனிதனின் காலிலும் கையிலும் உருவாகின்றது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு ஹதீஸுக்கு வருவோம்.

நபி (ஸல்) அவர்களின் அவையில் உப்பைப் பற்றியே ஒரு வழக்கு வந்தது. யமன் தேசத்து மஅரிப் பகுதியைச் சேர்ந்த அப்யள் பின் ஹம்மால் (ரலி) அவர்கள், தம் பகுதியில் இருந்த உப்புப் படிவத்தைத் தமக்கு மானியமாக வழங்குமாறு வேண்டினார்கள். அண்ணலாரும் வழங்கினார்கள். அவர் எழுந்து சென்றதும் அவையில் இருந்த ஒருவர், தாங்கள் அவருக்கு எதைக் கொடுத்தீர்கள் என்று அறிவீர்களா, வற்றாத நீர் ஊற்றையல்லவா கொடுத்துவிட்டீர்கள் என்ற கருத்துப்படக் கூறினார். உடனே நபியவர்கள் அதைத் திரும்பப் பெற்றார்கள். அபூதாவூத், திர்மிதீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

அவ்வாறு பேசியவர் அக்ரஉ பின் ஹாபிஸ் என்று இப்னுமாஜா அறிவிப்பு கூறுகின்றது. அறியாமைக் காலத்தில் தாம் அவ்விடத்திற்குச் சென்றிருப்பதாகவும், அங்கு போய்ச் சேருபவர் எவராயினும் உப்பை எடுத்துச் செல்வதே வழக்கம் என்றும் அவர் விளக்கினாராம். அப்யள் (ரலி) அவர்களும் மனம் சுருங்கவில்லை. அந்த உப்பைத் தம் சார்பிலான தர்மமாக ஆக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அதை விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு ஈடாக அவருக்கு நிலமும் பேரீச்சந் தோப்பும் வழங்கப்பட்டன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொடுத்தவர் அல்லாஹ்வின் தூதர். பெற்றவர் ஒரு நபித்தோழர். அப்படியிருந்தும், பொதுமக்களுக்குரிய பொருள் ஒருவர் கைக்குப் போய்விட்டது என்று தெரிந்தவுடன் ஆணை மாற்றப்பட்டது. அவையில் இருந்த ஒருவர் எழுந்து சொன்ன தகவலே போதுமானதாக இருந்தது. இன்று ஒரு குத்தகை ஆணையைத் திருத்த எத்தனை ஆண்டுகள் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கின்றது!

இந்த நிகழ்ச்சியை அடிப்படையாக வைத்து நம் இமாம்கள் கனிமங்களை இருவகையாகப் பிரித்தனர். உப்பு, சுர்மாக் கல், கந்தகம், ஊறி வழியும் எண்ணெய் போன்று மேலேயே வெளிப்பட்டுக் கிடப்பவை ஒருவகை. இவற்றை எவரும் வேலியிட்டுத் தமதாக்கிக்கொள்ள முடியாது. ஆட்சியாளரும் ஒருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. வருகின்றவர் தம் தேவைக்கு எடுத்துச் செல்லலாம். தங்கம், வெள்ளி, இரும்பு போன்று தோண்டி, உருக்கி, உழைத்தால் மட்டுமே கிடைப்பவை மற்றொரு வகை. இவற்றில் உழைப்பவருக்குக் கூடுதல் உரிமை உண்டு. மாவர்தீ (ரஹ்) அவர்களின் அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா நூல் இதை விரிவாக ஆராய்கின்றது.

அப்படியானால் மரக்காணத்து உப்பளம் எந்த வகை? உப்பு என்பதால் பொதுவா? உழைப்பு என்பதால் தனியா? இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தமது அல்உம்மு நூலில் இந்தக் கேள்விக்கு விடை தந்துள்ளார்கள். கடற்கரையில் ஓரிடம் இருந்து, அதன் மேல் மண்ணை அகற்றி நீரைப் பாய்ச்சினால் உப்பு உண்டாகும் என்ற நிலை இருந்தால், அதை ஆட்சியாளர் ஒருவருக்கு ஒதுக்கலாம், ஒருவர் அதைச் சீர்படுத்தி உரிமையாக்கிக்கொள்ளவும் செய்யலாம் என்பது அவர்களின் கருத்து. ஹன்பலீ மத்ஹபின் இப்னு குதாமா (ரஹ்) அவர்களும் அல்முஃக்னீயில் இதையே கூறி, காரணத்தையும் சொல்கின்றார்கள். இதனால் மக்களுக்கு நெருக்கடி ஏற்படுவதில்லை. ஏற்கெனவே இருந்த பயனை அவர் பறிக்கவில்லை. இல்லாத பயனைத் தம் செயலால் உண்டாக்குகின்றார். மண்ணைத் தோண்டுதல், தரையைச் சமன்படுத்துதல், நீர் வர வாய்க்கால் வெட்டுதல் ஆகியவையே அந்த இடத்துக்குரிய சீர்திருத்தம் என்றும் அவர்கள் வரையறுத்துள்ளார்கள். டமாஸ்கஸில் வாழ்ந்து ஹிஜ்ரி 620இல் மறைந்த அந்தப் பேரறிஞர் நம் கரையின் உப்பளத்தை நேரில் பார்த்து எழுதியதுபோல் இருக்கின்றது!

இந்த நியாயத்தைத் தலைகீழாக்கிய ஓர் ஆட்சியும் இதே கரையை ஆண்டது. 1805ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கும்பினி உப்பைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. உப்பை விளைவிப்பவர் கும்பினிக்கே விற்க வேண்டும், கும்பினி வைத்த விலையில் மக்கள் வாங்க வேண்டும். பின்னர் வந்த உப்புச் சட்டங்களின் கீழ், சதுப்பு நிலத்தில் தானாகப் பூத்த உப்பை ஓர் ஏழைப்பெண் அள்ளினாலும் அது குற்றமாயிற்று. மஅரிபில் எது தடுக்கப்பட்டதோ அது இங்கே சட்டமாக இருந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் அம்மாதம் 30ஆம் நாள் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சிறை சென்றதும், மறு ஆண்டு காந்தி-இர்வின் உடன்பாட்டில் கரையோர மக்கள் தம் தேவைக்கு உப்பு எடுக்க அனுமதி கிடைத்ததும் நாம் அறிந்தவையே. உப்பு வரி முற்றாக ஒழிந்தது 1947இல்தான். இடைக்கால அரசின் நிதிப் பொறுப்பை வகித்த லியாகத் அலீ கான் சமர்ப்பித்த வரவு-செலவுத் திட்டத்தில் அது நீக்கப்பட்டது.

இனி, மறைந்து கிடக்கும் கனிமத்துக்கு வருவோம். நபி (ஸல்) அவர்கள் பிலால் பின் ஹாரிஸ் அல்முஸனீ (ரலி) அவர்களுக்குக் கபலிய்யா பகுதியின் சுரங்கங்களை வழங்கினார்கள் என்று முவத்தாவும் அபூதாவூதும் குறிப்பிடுகின்றன. மஅரிபின் உப்பு திரும்பப் பெறப்பட்டது, கபலிய்யாவின் சுரங்கம் பெறப்படவில்லை. ஒன்று கிடைப்பது குனிந்தால், மற்றது கிடைப்பது தோண்டினால்.

ஆனால், தோண்டும் உரிமை என்பது பூட்டி வைக்கும் உரிமையன்று. அதே பிலால் பின் ஹாரிஸ் (ரலி) அவர்களுக்கு அகீக் பள்ளத்தாக்கின் நிலமும் மானியமாகக் கிடைத்திருந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக் காலத்தில் அவரை அழைத்து, மக்களை விட்டு மறைத்து வைப்பதற்காக இது உமக்குத் தரப்படவில்லை, உம்மால் இயன்ற அளவை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தாரும் என்ற பொருள்படக் கூறிப் பிறருக்குப் பங்கிட்டார்கள். அபூஉபைத் (ரஹ்) அவர்களின் கிதாபுல் அம்வாலில் இச்செய்தி உள்ளது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்திலும், குத்தகை பெற்றவர் இரண்டு ஆண்டுகள் வேலை செய்யாமலிருந்தால் குத்தகை இழக்கப்படும் என்ற விதி இருப்பது ஈண்டு ஒப்பிடத்தக்கது.

சரி, ஒருவரது சொந்த நிலத்துக்கு அடியில் கனிமம் இருந்தால்? இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சுரங்கம் எங்கிருப்பினும் அதன் நிர்வாகம் ஆட்சியாளரிடமே என்பது மாலிகீ மத்ஹபில் பெயர்பெற்ற கருத்து. பெருஞ்செல்வம் தகுதியற்ற ஒருவர் கையில் சிக்கிக் குழப்பம் விளையக்கூடாது என்பது அதன் நோக்கம். மற்ற இமாம்களிடம் நிலத்தின் உரிமையோடு உள்ளிருப்பதும் சேர்கின்றது. பிறர் நிலத்தில் அநியாயமாக ஒரு சாண் எடுத்தவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகளிலிருந்தும் அது மாட்டப்படும் என்ற எச்சரிக்கை புகாரியில் உள்ளதல்லவா? அதற்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள், மேற்பரப்பை உடையவர் அதன் அடிவரை உள்ளதையும், கற்களையும் கனிமங்களையும் உடையவரே என்றும், அவரது அனுமதியின்றி எவரும் அடியில் குடையக்கூடாது என்றும் அதிலிருந்து சட்டம் எடுக்கின்றார்கள்.

வியப்பு என்னவென்றால், இந்திய உச்ச நீதிமன்றமும் 2013 ஜூலை 8 அன்று ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. கேரளத்தின் மலபார் பகுதியில் ஜன்ம உரிமை நிலம் வைத்திருந்தவர்கள் தொடுத்த வழக்கு அது. திரேசியாம்மா ஜேக்கப் வழக்கு என்று அறியப்படுகின்றது. அடிமண்ணின் கனிமம் யாவும் அரசுக்கே சொந்தம் என்று கூறும் சட்டம் எதுவும் இந்நாட்டில் இல்லை, முறையான சட்டத்தின் வழியே பறிக்கப்படாதவரை அது நில உரிமையாளரையே சாரும் என்று நீதிமன்றம் கூறியது.

இதைக் கேட்டவுடன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடக் கூடாது! சொந்தம் என்பது வேறு, எடுக்கும் உரிமை என்பது வேறு. கனிமம் உங்களுடையதாகவே இருந்தாலும், 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குத்தகையோ அனுமதியோ இன்றித் தோண்டினால் ஐந்தாண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பட்டா நிலத்தின் சாதாரண மண்ணுக்கும் அனுமதி வேண்டும், அரசுக்கு உரிய கட்டணமும் செலுத்த வேண்டும். எடுக்கும் உரிமையின் மீது வரி விதிக்கலாமா என்ற கேள்வியும் தமிழ்நாட்டிலிருந்தே எழுந்ததுதான். இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் 1989இல் ஏழு நீதிபதிகள் கூடாது என்றனர். 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அதை மாற்றி, ராயல்டி என்பது வரியன்று, கனிம உரிமைகளுக்கு வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தனர். ஒரே பொருளில் உடைமையாளர், எடுப்பவர், வரி கொள்பவர் என மூவர் நிற்கின்றனர். பக்கத்து வயற்காரர் நான்காவதாக நிற்கின்றார். அவரைத்தான் எவரும் அழைப்பதில்லை.

மரக்காணம் இதை நேரடியாக உணர்ந்தது. 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு ஹைட்ரோகார்பன் ஆய்வுக்கான பகுதிகளை ஏலத்தின் வழியே ஒதுக்கியபோது, மரக்காணம் தொடங்கித் தெற்கே செல்லும் கரையும் அதையொட்டிய ஆழம் குறைந்த கடலும் அடங்கிய ஒரு பகுதி வேதாந்தா நிறுவனத்துக்குக் கிடைத்தது. நிலத்தடி எண்ணெயில் நில உரிமையாளருக்குப் பங்கு என்ற பேச்சே அந்தக் கொள்கையில் இல்லை. நிலத்தில் எண்ணெய் கிடைத்தால் 12.5 விழுக்காடு ராயல்டி, அது மாநிலத்துக்கு. ஆழம் குறைந்த கடலில் கிடைத்தால் 7.5 விழுக்காடு, அது ஒன்றிய அரசுக்கு. கடலடிச் செல்வம் ஒன்றியத்துக்கே உரியது என்று அரசமைப்பின் 297ஆம் பிரிவு கூறுகின்றது. அந்தக் கடலில் வலை வீசும் மீனவருக்கு இரண்டிலும் ஒன்றுமில்லை. 2019 ஜூன் 23 அன்று மரக்காணம் முதல் இராமேசுவரம் வரை 596 கிலோமீட்டர் நீளத்துக்கு மனிதச் சங்கிலிப் போராட்டம் நடைபெற்றதன் பின்னணி இதுவே. மறு ஆண்டு தமிழ்நாடு அரசு காவிரிப் படுகையை வேளாண் பாதுகாப்பு மண்டலமாக்கச் சட்டம் இயற்றியது. விழுப்புரம் மாவட்டம் அதில் சேரவில்லை.

பலர் அறியாத செய்தி ஒன்றையும் கூறிவிடுகிறேன். சுரங்கத்தால் பாதிக்கப்படும் ஊர்களுக்கென 2015இல் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்ற ஏற்பாடு சட்டத்தில் சேர்க்கப்பட்டது. குத்தகைதாரர் ராயல்டியோடு ஒரு பங்கை அதற்கும் செலுத்த வேண்டும். ஆனால் அச்சட்டத்தின் வரையறையிலேயே கனிம எண்ணெய் விலக்கப்பட்டுள்ளது. ஆகவே எண்ணெய் எடுக்கப்படும் ஊருக்கு அந்த நிதி கிடைக்காது. தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் கூட்டாளிகள் என்ற நபிமொழி அபூதாவூதில் உள்ளது. நெருப்பு என்பதில் எரிபொருளும் அடங்கும் என்று இக்கால அறிஞர்கள் சிலர் விளக்கம் தருகின்றனர். அவ்வாறாயின் கூட்டாளிக்குரிய பங்கு எங்கே என்று கேட்பது போராட்டக்காரரின் கூச்சல் மட்டுமன்று, ஃபிக்ஹின் கேள்வியுமாகும்.

தெற்கே நெய்வேலியையும் பாருங்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய துகள்கள் வெளிப்பட்டதிலிருந்தே பழுப்பு நிலக்கரியின் வரலாறு தொடங்கியது. 1956இல் அரசு நிறுவனம் உருவாயிற்று. மாநிலம் முழுவதும் விளக்கு எரிந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடிக்கும் பருவத்துப் பயிரின் மீது இயந்திரங்களை இறக்கி வாய்க்கால் வெட்டினர். நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். உயர் நீதிமன்றம் பயிருக்கு இழப்பீடு வழங்கச் செய்தது. நிலம் கைமாறியிருக்கலாம். விதைத்தவரின் உழைப்புக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது.

உழைப்பு என்றதும் மீண்டும் பாத்திக்குத்தான் வர வேண்டியிருக்கின்றது. உப்பளத்தின் சொந்தக்காரர் யார், குத்தகைதாரர் யார் என்ற வழக்குகள் எப்படி முடிந்தாலும், வேலை வாங்கிவிட்டுக் கூலியைத் தராதவருக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவித்துள்ளான் (புகாரி). ஐப்பசி முதல் மார்கழி வரை பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும்போது அக்குடும்பங்களுக்கு வருமானம் இல்லை. உப்பளத் தொழிலாளர்க்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு அந்தத் தொகை போதுமா என்பதை ஒரு மாத மளிகைக் கணக்கு எழுதும் எந்தத் தாயும் சொல்லிவிடுவார். நம் மஹல்லாக்களில் ஜகாத்தைப் பங்கிடுவோர் இந்த மாதங்களை மனத்தில் குறித்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்குத் திரும்புகிறேன். தந்தை இறந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டேன். பதினாறு ஆண்டுகள் என்றார். உடன்பிறந்தவர்கள்? ஒரு சகோதரி, திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. நிலம் பாகம் பிரிக்கப்பட்டதா? இல்லை.

"நெல்லை விற்பதும் மண்ணை விற்பதும் ஒன்றல்ல, பாவா. நெல் அறுத்தால் நிலம் அப்படியே இருக்கும். மண்ணை அள்ளினால் நிலமே போய்விடும். நீங்கள் விற்கப்போவது விளைச்சலை அல்ல, வாப்பாவின் சொத்தை. ஆண்மகனுக்கு இரண்டு பங்கென்றால் பெண்ணுக்கு ஒரு பங்கு. அவர் சம்மதிக்காமல் ஒரு லாரி போனாலும் அது அபகரிப்பு" என்றேன். அவர் முகம் சற்று வாடியது.

அடுத்து, தாலுகா அலுவலகத்திலும் கனிமவளத் துறையிலும் அனுமதி உண்டா என்றேன். ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார் என்றார். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று சொன்னேன். மூன்றாவதாக, சுற்றிலும் உள்ள கிணறுகளைப் பற்றிக் கேட்டேன். கரையோரத்தில் ஆழமாக மண்ணை எடுத்து, ஊறும் நீரை இறைத்துக்கொண்டே போனால் நல்ல நீரின் மட்டம் இறங்கும், அந்த இடத்தில் உப்பு நீர் ஏறும். ஒருமுறை உப்பேறிய கிணற்றை மீட்பது எளிதன்று. தானும் கேடுறக் கூடாது, பிறருக்கும் கேடு செய்யக் கூடாது என்ற நபிமொழி எல்லா மத்ஹபுகளும் ஏற்றுக்கொண்ட அடிப்படை. நிலம் முழுவதும் அவருடையதாகவே இருந்தாலும், சகோதரி மனமுவந்து சம்மதித்தாலும், அரசு அனுமதித்தாலும், அண்டை வீட்டாரின் குடிநீரைக் கெடுக்கும் பள்ளத்தைத் தோண்ட மார்க்கம் இடம் தராது.

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கள் நிலத்துக்குக் கிழக்கே இருக்கும் கிணற்றில்தான் தெருவே குடிக்கிறது" என்று தாமாகவே சொன்னார். தங்கையிடம் பேச அடுத்த நாள் திண்டிவனம் போவதாகக் கூறி, செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.